மிதிக்கு அடியில் ஒரு போல்ட்

என் வீட்டுக்காரர் நல்ல மெக்கானிக். இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இதுக்கு மேல அவரைப் பத்தி நான் சொல்லப்போறது எதுவும் அவ்வளவு நல்லா இருக்காது.

அன்னிக்குச் சனிக்கிழமை. காலையில ஷெட்டுக்குள்ள போனா, எங்க பழைய காரோட ஆக்சிலரேட்டருக்கு அடியில ஒரு போல்ட் நிக்குது. தரைத் தகட்டுல ஓட்டை போட்டு, நட்டு வெச்சு முடுக்கி, மிதி பாதிக்கு மேல இறங்காதபடி நிறுத்தி வெச்சிருக்காரு. கட்டை விரல் உயரம்தான் இருக்கும். என் நாத்தனார் கார் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு அதையே பார்த்துட்டு நின்னா. வாயைத் திறக்காத நாத்தனாரை இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுலேருந்து அன்னிக்குத்தான் நான் பார்க்கிறேன்.

விஷயம் இதுதான். மறுநாள் பழைய கார்களுக்கான மலையேத்தப் போட்டி. கார் கிளப்காரங்க வருஷத்துக்கு ஒரு தடவை நடத்துறது. ஒரு நேரத்துக்கு ஒரு வண்டி, அடிவாரத்துலேருந்து உச்சி வரைக்கும். யாரு சீக்கிரம் ஏறுறாங்களோ அவங்களுக்குக் கோப்பை. எங்க வண்டியை ஓட்ட வேண்டியவ என் நாத்தனார். மத்த நாள்ல அவ பள்ளிக்கூட வேன் ஓட்டுறா. வேன் நிறையப் பிள்ளைங்க. வேகத்தடை வந்தா, தூங்குற குழந்தையைத் தொட்டில்ல போடுற மாதிரி வண்டியை இறக்குவா. வருஷம் பூரா அப்படி ஊர்ந்து ஊர்ந்து ஓட்டுறவளுக்கு, ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ரோட்டுல, காலை முழுசா அமுத்தணும்னு ஆசை. தப்பா? இந்த வண்டி உருவானதே அந்த ஆசைக்காகத்தான். கோழிக்கூண்டா கிடந்த வண்டியை வாங்கிட்டு வந்து, நாங்க மூணு பேரும் லீவு நாளெல்லாம் ஷெட்டுல படுத்து எழுந்து, மனுஷங்க ஏறுற மாதிரி ஆக்கினோம்.

ஆக்கினது நல்லாத்தான் ஓடுச்சு, மேட்டுல முழு வேகம் எடுக்குற வரைக்கும். இஞ்சினுக்குள்ள பெட்ரோலைப் பத்த வைக்கிறது பிளக் இல்லையா, அதோட நுனியில ரெண்டு முனை இருக்கும். நடுவுல நகத்துக் கனத்துக்கு ஒரு இடைவெளி. பொறி பறக்கிறது அங்கதான். எங்க வண்டியில மேடு ஏறி முடிக்கப் போற நேரத்துல, யாரோ சுத்தியால தட்டின மாதிரி அந்த இடைவெளி மூடிக்குது. பொறி போச்சு. நாலு சிலிண்டர்ல ஒண்ணு படுத்துடும், வண்டி பிரசவ வலி வந்த மாதிரி முக்கி முனகி நிக்கும். இப்படி ரெண்டு தடவை ஆயிடுச்சு.

தட்டுறது வேற யாரும் இல்ல, பிஸ்டன்தான். அதுல எங்களுக்குள்ள சண்டை இல்ல. பழைய இஞ்சினுக்கு இழுவை ஏத்தணும்னு தலை மேடான பிஸ்டன் போட்டோம். மேல மூடியா உக்கார்ற ஹெட்டையும் சீவி இறக்கினோம். அதனால பிஸ்டன் மேல வரும்போது அதுக்கும் பிளக் நுனிக்கும் நடுவுல கொஞ்சம் சந்துதான் மிச்சம். அது மாட்டுறப்பவே தெரியும். தெரிஞ்சுதான் முதல் பிஸ்டன் தலையில, பசங்க பொம்மை பண்ற பச்சைக் களிமண்ணை அப்பி, ஹெட்டை மூடி, கையால இஞ்சினைச் சுத்தி, திரும்பக் கழட்டிப் பார்த்தோம். பிளக் நுனி களிமண்ணுல பதிஞ்சிருந்துச்சு, ஆனா அடியில ஒரு காசு கனத்துக்கு மண்ணு மிச்சம் இருந்துச்சு. போதும். மத்த மூணையும் பார்த்துடலாமான்னு நான் கேட்டேன். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னாரு என் வீட்டுக்காரர். எங்க ஷெட்டுல எல்லாத்துக்கும் அதான் சட்டம்.

அதனால அவர் கணக்கு ரொம்பச் சுலபமா முடிஞ்சுபோச்சு. நிமிஷத்துக்கு ஆறரை ஆயிரம் சுத்து வரைக்கும் இந்தச் சந்து தாங்கும்னு முடிவு பண்ணி, மீட்டர்ல ஒரு சிவப்புக் கோடு ஒட்டியிருந்தாரு. கோட்டுக்குள்ள ஓட்டினா முட்டாது. முட்டுதுன்னா தங்கச்சி கோட்டைத் தாண்டுறா. தாண்டலைன்னு அவ சத்தியம் பண்ணா. சத்தியத்தை மீட்டர் காட்டுமான்னு கேட்டாரு. பாவம், அவளுக்கு வேற ஒரு கெட்ட பேரு ஏற்கெனவே உண்டு. சின்ன வயசுல தையல் மிஷினை மிதிச்சு பெல்ட்டை அறுத்தவ, வாடகை சைக்கிள் பெடலை உடைச்சு உருட்டிக்கிட்டு வந்தவ. "கனக்காலு"ன்னுதான் வீட்டுல கூப்பிடுவாங்க. நானும் கூப்பிட்டிருக்கேன், சிரிச்சிருக்கேன். சிரிப்பா சொன்னது இப்போ சாட்சியா வந்து நின்னுச்சு.

வெள்ளிக்கிழமை என் தம்பி ஓட்டிப் பார்த்தான். அவனுக்கு "நிதானம்"னு பேரு. சோத்தைக் கூட எண்ணித்தான் சாப்பிடுவான். அவன் ஏத்தினப்போ பிளக்குக்கு ஒண்ணும் ஆகல. அவ்வளவுதான், என் வீட்டுக்காரருக்குக் கண்ணு திறந்துடுச்சு. போட்டியில நிதானமே ஓட்டட்டும்னு சொல்லிட்டாரு. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கிளப்புல டிரைவர் பேரைக் கொடுக்கணும். தங்கச்சி அடம் பிடிச்சா அந்த போல்ட்டோட ஓட்டட்டும், இல்லைன்னா இறங்கிக்கட்டும். என் தம்பியை உக்கார வெச்சா எனக்கு மனசு குளுந்துடும்னு வேற நினைச்சிருக்காரு மனுஷன்.

என் தம்பியோ காலையிலேயே போன் பண்ணி, அக்கா, அந்த மலை வளைவைப் பார்த்தாலே எனக்குப் பிரேக்கைத்தான் மிதிக்கத் தோணுது, எப்படியாவது மாமாகிட்ட சொல்லி என்னை விட்டுடச் சொல்லுன்னு கெஞ்சினான்.

நாத்தனாரைப் பார்த்தேன். சண்டை போடுவா, ஸ்பேனரைத் தூக்கி எறிவா, அண்ணனும் தங்கச்சியும் கட்டிப் புரளுவாங்க, நடுவுல நான் போய் ரெண்டு பேர்கிட்டயும் திட்டு வாங்கலாம்னு எதிர்பார்த்தேன். அவ கதவை மெதுவா சாத்தினா.

"விடுங்க அண்ணி. உங்க தம்பியே ஓட்டட்டும். ஒருவேளை என் காலுதான் போல."

எனக்கு அடி வயித்துலேருந்து கோபம் வந்துச்சு. அவர் மேல மட்டும் இல்ல, அவ மேலயும்தான். நீ தாண்டினியா இல்லையான்னு கேட்டேன். தெரியல அண்ணி, மேல போறப்போ கண்ணு ரோட்டுல இருக்குது, மீட்டரை எங்க பார்க்கிறதுன்னா. சரி, நீ ரோட்டைப் பாரு, நான் மீட்டரைப் பார்க்கிறேன்னு சொன்னேன். ஸ்பேனரை எடுத்து, கவுந்து படுத்து, அந்த போல்ட்டைக் கழட்டினேன். அப்புறம் அவ கைப்பையிலேருந்து நகப்பாலிஷை வாங்கி, நாலு புது பிளக் எடுத்து, வெள்ளைப் பீங்கான் மேல ஒண்ணுக்கு ஒரு பொட்டு, ரெண்டாவதுக்கு ரெண்டு, மூணாவதுக்கு மூணு, நாலாவதுக்கு நாலுன்னு வெச்சேன். முதல் தடவை வண்டி நின்னப்போ எந்த சிலிண்டர்னு யாரும் கவனிக்கல. ரெண்டாவது தடவை அவர் ரோட்டோரத்துல நின்னு கோபத்துல நாலையும் கழட்டி டப்பாவுல வீசினாரு. மூடினது எந்தச் சிலிண்டர் பிளக்குன்னு தெரியாமலேயே இவ்வளவு பஞ்சாயத்தும் நடந்திருக்கு.

ஊருக்கு வெளியே மூடிப்போன கல்குவாரி ஒண்ணு இருக்கு. அதுக்குப் போற ரோடு செங்குத்தா ஏறும், ஆள் நடமாட்டம் கிடையாது. எங்க பயிற்சியெல்லாம் அங்கதான். அவ ஓட்டினா, நான் பக்கத்துல உக்காந்து அந்த முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கல. உயிர் என்கிட்ட இல்ல, அது வேற விஷயம். முள்ளு சிவப்புக் கோட்டைத் தொட்டுச்சு, தொட்டதும் அவ கியர் மாத்தினா, மறுபடி தொட்டுச்சு, மறுபடி மாத்தினா. ஒரு மயிரிழை தாண்டல. கடைசி நேர்ப்பாதையில டிக்குன்னு ஒரு சத்தம், வண்டி துள்ளிச்சு, இழுவை போச்சு. அங்கயே நிறுத்தி, சூட்டோட சூடா நாலையும் கழட்டினோம். விரல் பொசுங்கினது தனிக் கதை. ஒரு பொட்டு நல்லா இருக்கு. ரெண்டு பொட்டு நல்லா இருக்கு. நாலு பொட்டும் நல்லா இருக்கு. மூணு பொட்டு மட்டும் இடைவெளி மூடி, நுனி பளபளன்னு அடிவாங்கி இருந்துச்சு.

அதைக் கையில வெச்சுக்கிட்டு நான் கொஞ்ச நேரம் யோசிச்சேன். காலு ஒண்ணுதான். அது மிதிச்சா நாலு பிஸ்டனும் ஒரே தண்டுல, ஒரே வேகத்துலதான் சுத்தும். காலு தப்புன்னா நாலும் முட்டணும். மூணாவது மட்டும் ஏன் முட்டுது? என்னா, அதுக்கு மட்டும் தனியா மிதிச்சாளா இவ?

ஷெட்டுக்கு வந்து இதைத்தான் அவர்கிட்டக் கேட்டேன். நியாயமா பேசினா நியாயமா கேப்பாருன்னு நினைச்சது என் முட்டாள்தனம். போல்ட்டைக் கழட்டினதைப் பார்த்ததுமே முகம் சிவந்துடுச்சு. மீட்டர் பழசு, முள்ளு சோம்பேறி, அது ஆறரைன்னு காட்டுறப்போ இஞ்சின் ஏழைத் தாண்டியிருக்கும், மூணாவது பிஸ்டனைத் தாங்குற ராடுல பேரிங் கொஞ்சம் தளர்வா இருந்திருக்கும், அதனால அது முதல்ல முட்டியிருக்கும்னு அடுக்கினாரு. நீ அவளுக்குச் சப்பைக்கட்டு கட்டுறேன்னாரு. பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு ஓட்டுற கைக்கும் காலுக்கும் கணக்குத் தெரியாதான்னு நான் கேட்டேன். அவரோ ஸ்பேனரை எடுத்தாரு. போல்ட்டைத் திரும்ப வெச்சு, இந்தத் தடவை மேல வெல்டிங்கும் வெச்சுட்டாரு. இதைக் கழட்டுங்க பார்ப்போம்னுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.

போனது நல்லதாப் போச்சு.

ஹெட்டைக் கழட்டிப் பார்த்தா எல்லாம் தெரிஞ்சுடும். ஆனா கழட்டினா திரும்ப மாட்ட அன்னிக்கு நேரம் இல்ல. அப்போ கழட்டாமலே பார்க்கணும். ஆணி வேர் தெரியுற வரைக்கும் இந்த இஞ்சினை விடுறதில்லன்னு நானும் முடிவு பண்ணிட்டேன். அந்தப் பச்சைக் களிமண்ணு மிச்சம் அலமாரியில இருந்துச்சு. கையில வெச்சுப் பிசைஞ்சு பதமாக்கி, துணுக்கு ஒண்ணை எடுத்து ஒரு பிளக்கோட நுனியில ஒட்டினேன். பிளக் நுழையுற ஓட்டையைவிடப் பெருசா இருந்தா உரசிக்கிட்டு உள்ள விழுந்துடும், அதனால சின்னதா உருட்டினேன். பிஸ்டன்ல ஒட்டிக்காம இருக்கட்டும்னு மேல ஒரு சொட்டு ஆயில் தடவினேன். முதல் சிலிண்டர்ல மாட்டி, நாத்தனாரை விட்டு இஞ்சினைக் கையால சுத்தச் சொன்னேன். எதுக்கு அண்ணி இதெல்லாம்னு சலிச்சுக்கிட்டே சுத்தினா. கழட்டினா, களிமண்ணு தட்டையாகி, ஒரு காசு கனத்துக்கு நிக்குது. ஹெட்டை மாட்டின அன்னிக்குப் பார்த்த அதே கனம். ரெண்டாவது, அதே. நாலாவதையும் பார்த்தேன், அதே.

மூணாவதை வேணும்னே கடைசியில வெச்சிருந்தேன். சுத்தினோம், கழட்டினோம். களிமண்ணு வெங்காயத் தோலு மாதிரி இருந்துச்சு. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா அடியில இருக்கிற இரும்பு தெரியுது.

நாத்தனார் அதை வாங்கிப் பார்த்தா. இது தொடலையே அண்ணி, இன்னும் சந்து இருக்கேன்னா. கையால சுத்துறப்போ இருக்குடி, ஒரு பையில சாமானை வெச்சு வேகமா சுழட்டினா கைப்பிடி நீளுதா இல்லையான்னு கேட்டேன். இஞ்சின் அந்த வேகத்துல சுத்துறப்போ பிஸ்டனைப் பிடிச்சிருக்கிற ராடும் அப்படித்தான், துளி நீளும், பேரிங்கும் துளி இடம் கொடுக்கும். ஒரு காசு கனம் இருக்கிற இடத்துல அது தெரியாது. வெங்காயத் தோலு இருக்கிற இடத்துல பட்டுனு முட்டிடும். என் தம்பி ஓட்டினா ஏன் முட்டலன்னா, அவன் அந்த வேகத்துக்குப் போகவே இல்ல. அவன் ஓட்டினா மாட்டு வண்டியில கூடப் பிளக் நல்லா இருக்கும்.

சரி, ஒரே மாதிரி பிஸ்டன், ஒரே மாதிரி பிளக், மூணாவது மட்டும் ஏன் கீழ இறங்கி நிக்குது? நுணுக்கமா அளக்குற வெர்னியர் ஸ்கேலை எடுத்தேன். அதோட வாலை விட்டு, பிளக் உக்கார்ற குழி ஒவ்வொண்ணோட ஆழத்தையும் அளந்தேன். மூணு குழி ஒரே ஆழம். மூணாவது குழி மட்டும் ஒரு மில்லிமீட்டர் அதிகம். டார்ச் அடிச்சுப் பார்த்தேன். மத்த குழியோட அடி எல்லாம் பழசா, மங்கலா, கீறலும் கறையுமா இருந்துச்சு. மூணாவது அடியில மட்டும் ஒரு வெள்ளி வளையம் கண்ணாடி மாதிரி மின்னுச்சு.

யார் கை வேலைன்னு கேக்கணுமா? இந்த ஷெட்டுல ஒரு போல்ட் தலை மங்கலா இருந்தாலே தூக்கம் வராத ஆளு ஒருத்தர்தான். இந்த ஹெட்டு வாங்கி வந்தப்போ மூணாவது குழியில பிளக்கை முடுக்குற மரை தேஞ்சு போயிருந்துச்சு. அவர்தான் பழைய மரையை எடுத்துட்டு புது மரை வெச்சாரு. வெச்சுட்டு, பிளக்கோட வாஷர் உக்கார்ற இடத்துல ஒரு கீறல் இருக்குன்னு ஒரு சுத்து சீவினாரு. சீவினா இன்னொரு கீறல் தெரிஞ்சுது. இன்னொரு சுத்து. அன்னிக்கு நான் பக்கத்துலதான் இருந்தேன், முகம் பார்த்துத் தலை சீவிக்கலாம் போலிருக்கேன்னு கிண்டல் கூடப் பண்ணேன். குழி ஆழமானா அதுல உக்கார்ற பிளக்கும் அவ்வளவு கீழ இறங்கும். அது எங்க யாருக்கும் உறைக்கல.

நாத்தனாருக்கு விஷயம் புரிஞ்சதும் கண்ணுல ஒரு வெறி வந்துச்சு. நேரா டீக்கடைக்குப் போய் நாலு பேர் முன்னாடி கேக்கிறேன்னு கிளம்பினா. கையைப் பிடிச்சு உக்கார வெச்சேன். நாம சொன்னா அவர் பேரிங்னு சொல்லுவாரு, மீட்டர்னு சொல்லுவாரு, நீ பொறு, அவர் வாயாலயே வரட்டும்னு சொன்னேன்.

அவர் வந்தாரு. ஏங்க, எனக்கு வெர்னியர் சரியா படிக்க வரல, இந்த நாலு குழி ஆழத்தைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்னு கேட்டேன். இது கூடத் தெரியாதாங்கிற பெருமையோட வாங்கினாரு. முதலாவது அளந்தாரு, சொன்னாரு. ரெண்டாவது அளந்தாரு, சொன்னாரு. மூணாவது அளந்தாரு, சொல்லல. தூசி இருக்கும்னு துணியை விட்டுத் துடைச்சாரு. தூசி இருந்தா ஆழம் குறையும்ங்க, அதிகமாகாதுன்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். திரும்ப அளந்தாரு. நாலாவதை அளந்துட்டு மறுபடி மூணாவதுக்கே வந்தாரு. டார்ச்சைக் கேட்டாரு, கொடுத்தேன். நாலு களிமண் பிளக்கையும் வரிசையா பக்கத்துல வெச்சேன். அவர் அதையெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தாரு. வெங்காயத் தோலைக் கையில வெச்சுக்கிட்டு, பக்கத்துல கிடந்த டயர் மேல உக்காந்துட்டாரு.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமா இருந்துச்சு. சொல்லித்தான் ஆகணும். அசிரத்தையா செஞ்ச வேலைன்னா திட்டலாம். ஆசை ஆசையா செஞ்சது.

ஒரு பானை சோறுதான்னு தனக்குத்தானே முணுமுணுத்தாரு. சோறு ஒரே பானையில வெந்துச்சு, சரி, ஆனா ஒரு பருக்கையை மட்டும் நீங்க தனியா எடுத்துப் பாலிஷ் போட்டுட்டீங்களேன்னு சொன்னேன். சிரிப்பாருன்னு பார்த்தேன், சிரிக்கல. தங்கச்சியைப் பார்த்தாரு.

"தப்பு என் கையில. உன் கால்ல இல்ல."

அவ பதில் சொன்னா. சொன்னப்போ சண்டை போடுற குரல் இல்ல அது.

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சுண்ணா. நேத்து வேன்ல பிள்ளைங்களை வெச்சு ஓட்டும்போது, நான் என் காலையே பார்த்துட்டு இருந்தேன்."

அவர் எழுந்தாரு. மன்னிப்பு அது இதுன்னு எதுவும் பேசல. கிரைண்டரை எடுத்துக்கிட்டு கார் கதவைத் திறந்து, தலையை உள்ள விட்டு, தான் வெல்டிங் வெச்ச போல்ட்டைத் தானே அறுத்தாரு. பொறி பறந்து சட்டையில ரெண்டு ஓட்டை விழுந்துச்சு. போல்ட் தெறிச்சு உருண்டு எங்கேயோ போச்சு. அறுத்த இடத்தைத் தடவிப் பார்த்துட்டு, பழக்க தோஷம், பாலிஷ் போட ஆரம்பிச்சாரு. போதும்யா சாமி, தரையும் ஆழமாகிடப் போகுதுன்னு நான்தான் இழுத்து வெளிய விட்டேன்.

அப்புறம் நடந்தது வேகமா நடந்துச்சு. லேத்துல ஒரு செம்பு வாஷர் கடைஞ்சாரு, குழியில எவ்வளவு அதிகமா சீவினாரோ அதே கனத்துக்கு. அதை மூணாவது பிளக்குக்கு அடியில போட்டா பிளக் பழைய உயரத்துக்கு ஏறி உக்காரும். போட்டதும் நல்லா இருக்கும்னு யாரும் நம்பல, அவர் உட்பட. திரும்பக் களிமண்ணு, திரும்ப ஆயில், திரும்பக் கையால சுத்து. இந்தத் தடவை நாலையும் பார்க்கணும்னு அவரே சொன்னாரு. மூணாவது களிமண்ணு காசு கனத்துக்கு நின்னுச்சு. அவர் அதை முதலாவதுக்குப் பக்கத்துல வெச்சு, குனிஞ்சு நிமிர்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கிட்டே இருந்தாரு. ஆனா களிமண்ணு கையால சுத்தினதுக்குத்தான் சாட்சி. மேட்டுக்கு மேடுதான் சாட்சி. கிளப்புல ஆளு கிளம்பிடுவாங்க, சாயங்காலமும் நெருங்கிடுச்சு. என் தம்பியையும் வரச் சொல்லிட்டு எல்லாரும் குவாரி ரோட்டுக்குப் போனோம்.

இந்தத் தடவை பக்கத்து சீட்டுல அவர் உக்காந்தாரு. நானும் என் தம்பியும் கீழ நின்னோம். நாத்தனார் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு முன்னாடியே பார்த்துட்டு இருந்தா.

"எவ்வளவு மிதிக்கட்டும்?"

"தரை வரைக்கும்."

வண்டி கிளம்பிச்சு. முதல் வளைவு தாண்டினதும் கண்ணுக்கு மறைஞ்சுடும், சத்தம்தான் மிச்சம். நான் கண்ணை மூடிக்கிட்டு அந்தச் சத்தத்துலயே தொங்கிக்கிட்டு இருந்தேன். ரெண்டாவது கியர், மூணாவது கியர், ரெண்டாவது வளைவு. நல்லா ஏறுது. கடைசி நேர்ப்பாதை வந்துச்சு, காலையில டிக்குன்னு கேட்ட இடம். அங்க வந்ததும் சத்தம் தணிஞ்சுது. நான் கண்ணைத் திறந்தேன். மறுபடி போச்சா அக்கான்னு தம்பி கேட்டான். இல்ல, இது போன சத்தம் இல்ல. பிளக் போனா முக்கும், திணறும். இது வழவழன்னு இறங்குது. இஞ்சின் நிக்கல, அவதான் காலை எடுத்துட்டா. பயந்துட்டா. அடுத்த வருஷம் பார்க்கலாம்னு அவ அங்கயே முடிவு பண்ணிட்டான்னா, அவ காலு அவளோடது இல்லாமப் போயிடும். மிதிடின்னு நான் கத்தினேன். அது அவளுக்குக் கேக்காதுன்னு தெரியும், இருந்தாலும் கத்தினேன்.

கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் சத்தம் ஏறுச்சு பாருங்க. இஞ்சின் அடித்தொண்டையிலேருந்து எடுத்து, ஏறி, இன்னும் ஏறி, உச்சியில போய் அப்படியே நின்னுச்சு. எங்கேயும் பிசிறு இல்ல. என் தம்பி என் தோளைப் பிடிச்சுக்கிட்டு சின்னப் பிள்ளை மாதிரி குதிச்சான். நிதானம் குதிச்சு நான் பார்த்தது அன்னிக்குத்தான்.

இறங்கி வந்தாங்க. ரெண்டு பேர் முகத்துலயும் ஈ ஆடல. அவர் பேனட்டைத் திறந்து, சூடு தாங்காம கை உதறிக்கிட்டே மூணாவது பிளக்கைக் கழட்டி, பார்க்காம என்கிட்ட நீட்டினாரு. நீயே பாருன்னாரு. ஃபீலர் கேஜுனு ஒண்ணு இருக்கு, சந்துக்குள்ள விட்டு அளக்குற மெல்லிசுத் தகடு. பிளக்கை மாட்டுறதுக்கு முன்னாடி எந்தத் தகட்டை வெச்சு அந்த இடைவெளியைச் சரி பண்ணேனோ அதே தகட்டை எடுத்து உள்ள விட்டேன். நுழைஞ்சுது. லேசா பிடிச்சுக்கிட்டு, வழுக்கிக்கிட்டு மறுபக்கம் வந்துச்சு. மத்த மூணும் அப்படியே. மூணாவதை இன்னொரு தடவை பார்த்தேன், ஆசைக்கு.

இடைவெளி இருக்குடின்னு சொன்னேன். அவ்வளவுதான் சொல்ல வந்துச்சு.

நாத்தனார் ரோட்டோரத்துலயே பொத்துன்னு உக்காந்து ஓன்னு அழுதா. அழுதுக்கிட்டே திட்டினா. கடைசியில பயந்து காலை எடுத்துட்டேன் அண்ணி, அண்ணன் என் முழங்காலைப் பிடிச்சு அமுத்திட்டான், எனக்கு உயிரே போயிடுச்சுன்னு சொன்னா. உயிர் போனது எனக்குத்தான், பக்கத்துல உக்காந்திருந்தவன் நான்தானேன்னு அவர் சொன்னாரு. சொல்லிட்டு அவளுக்குப் பக்கத்துல போய் மண்ணுல உக்காந்தாரு, போனை எடுத்து கிளப்புக்குப் பேசினாரு. டிரைவர் யாருன்னு அந்தப் பக்கம் கேட்டிருக்கணும்.

"என் தங்கச்சி. வேற யாரு?"

வேற யாராம். நிதானமே ஓட்டட்டும்னு சொன்ன அதே வாயி. என் தம்பி அங்கயே ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான், சாமியையா மாமாவையான்னு தெரியல.

நாத்தனார் முகத்தைத் துடைச்சுக்கிட்டு, பாக்கெட்டுக்குள்ள கையை விட்டு எதையோ எடுத்தா. அந்த போல்ட். அறுத்த முனை இன்னும் கருப்பா இருந்துச்சு. ஷெட்டுல உருண்டு போனதை எப்போ பொறுக்கினாளோ தெரியாது, மலை ஏறி இறங்கினப்போ அது அவகூடவேதான் இருந்திருக்கு. அதைக் கொடு, குப்பையில போடுறேன்னு அவர் கையை நீட்டினாரு. அவ கொடுக்கல, திரும்பப் பாக்கெட்டுலயே போட்டுக்கிட்டா.

"இருக்கட்டும்ணா. அடுத்த தடவை நீ வாயைத் திறக்கிறப்போ எவ்வளவு திறக்கலாம்னு நான் நிறுத்தி வெக்கணும்ல?"